கண்ணுக்குத் தெரியாத கலங்கல்

ஏரி என்றால் தண்ணீர் வந்துசேர ஒரு வரத்துக்கால் இருக்கும், பாசனத்துக்கு விட மதகு இருக்கும், நிரம்பினால் வழிந்தோடக் கலங்கல் இருக்கும். இவற்றில் கலங்கல் இல்லாத ஓர் ஏரியை நினைத்துப் பாருங்கள். ஆறு வந்து விழுகிறது. வெளியே போக வாய்க்கால் ஒன்றும் கிடையாது. வெயில் மட்டுமே நாள்தோறும் தண்ணீரை எடுத்துப் போகிறது. வெயில் நீரை எடுக்குமே தவிர உப்பை எடுக்காது. மலையிலிருந்து வரும் ஆறு எவ்வளவு தெளிந்ததாக இருந்தாலும், பாறையிலிருந்து கரைந்த உப்பு கொஞ்சமாவது அதில் இருக்கும். அது ஏரியிலேயே தங்கிவிடும். அடுத்த ஆண்டும் வரும், அதற்கடுத்த ஆண்டும் வரும். உப்பளப் பாத்தியில் சில வாரங்களில் முடிகிற வேலையை அந்த ஏரி சில நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்டு செய்து முடிக்கும்.

கென்யாவின் பிளவுப் பள்ளத்தாக்கில் இந்த வேலை கண்முன்னே நடந்திருக்கிறது. தெற்கே மகாடி ஏரியில் சோடா வெள்ளைப் பாளமாக உறைந்து கிடக்கிறது; அதை வெட்டியெடுத்து விற்கும் தொழில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. நக்குரு, எல்மென்டைட்டா, பொகோரியா ஆகிய மூன்றும் சோடா ஏரிகள். குடிக்க உதவாத அந்தக் காரநீரில் வளரும் பாசியைத் தின்னத்தான் பூநாரைகள் லட்சக்கணக்கில் வந்து இறங்குகின்றன.

இந்த வரிசையின் நடுவே, நைரோபிக்கு வடமேற்கே 80 கிலோமீட்டர் சொச்சத்தில் நைவாஷா ஏரி இருக்கிறது. அதற்கும் கலங்கல் இல்லை. ஆனால் அதன் தண்ணீர் நல்ல தண்ணீர். கரையெங்கும் பாப்பிரஸ் கோரை, அதனூடே நீர்யானைகள், நடுவே மீன்பிடி படகுகள். வடக்கே பாரிங்கோவை விட்டால், கென்யப் பள்ளத்தாக்கின் இந்த ஏரி வரிசையில் நன்னீர் என்று சொல்லத் தக்கது இது ஒன்றுதான். ஆறு கொண்டுவந்து கொட்டிய உப்பெல்லாம் எங்கே போயிற்று?

ஜான் வால்டர் கிரெகரி என்ற நிலவியலாளர் 1893-இல் இந்தப் பள்ளத்தாக்கை ஆராய்ந்தார். இன்று இது அவர் பெயரால்கூட அழைக்கப்படுகிறது. ஏறக்குறைய அந்தக் காலம் தொட்டே ஓர் ஊகம் உலவி வந்தது: நைவாஷாவுக்கும் ஒரு கலங்கல் இருக்க வேண்டும், அது தரைக்கு அடியில் இருக்க வேண்டும். கண்ணால் காண முடியாத அந்தக் கலங்கலில் ஆண்டுக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஏரியின் நீரியலைக் கணக்கு மாதிரியாக்க முனைந்த ஒவ்வொருவருக்கும் முதல் சவாலாக இருந்தது இந்தக் கேள்விதான்.

கடைக்காரர் ஆண்டு முடிவில் ஐந்தொகை போடுவதைப் போல ஏரிக்கும் போடலாம். வரவுப் பக்கத்தில் ஏரியின் மேல் நேராகப் பெய்யும் மழையும் ஆறுகள் கொண்டுவருவதும் வரும். செலவுப் பக்கத்தில் ஆவியாகிப் போவது, தரைக்குள் கசிந்து போவது, மனிதர் எடுப்பது. வரவுக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசம் ஏரியின் இருப்பில் ஏற்றமாகவோ இறக்கமாகவோ தெரியும். விதி இவ்வளவுதான், இதற்கு விலக்கும் இல்லை. கஷ்டமெல்லாம் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஓர் எண்ணை எழுதுவதில் இருக்கிறது.

மழையை அளப்பது இருப்பவற்றில் எளிது. ஏரிக்கரையில் ஆண்டுக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் பெய்கிறது. கிழக்கே அபர்டேர் மலைத்தொடரில் அதைப்போல இரண்டு மடங்கு பெய்யும் இடங்கள் உண்டு. அந்த மலைநீரைத்தான் மலேவா ஆறு இறக்கிக் கொண்டுவருகிறது. வடக்கிலிருந்து கில்கில் ஆறும், மழைக்காலத்தில் மட்டும் ஓடும் கராட்டியும் உண்டு என்றாலும், ஏரிக்குச் சோறுபோடுவது மலேவாதான்.

ஆற்றை அளப்பது அவ்வளவு நேரான காரியமல்ல. ஆற்றோர அளவுக்கம்பத்தில் தினமும் படிக்கப்படுவது தண்ணீரின் உயரம். நமக்குத் தேவை உயரம் அல்ல, ஓட்டம். ஆண்டில் சில நாட்கள் ஆற்றில் இறங்கி அகலத்தையும் ஆழத்தையும் வேகத்தையும் அளந்து, இந்த உயரத்துக்கு இவ்வளவு ஓட்டம் என்று ஒரு வளைகோடு வரைகிறார்கள். மற்ற நாட்களின் ஓட்டமெல்லாம் அந்த வளைகோட்டிலிருந்து படித்தெடுத்தவையே. ஒரு பெருவெள்ளம் வந்து ஆற்றின் அடிமணலை வாரிப்போனால் வளைகோடு பொய்யாகிவிடும். ஆற்றில் தண்ணீர் பயங்கரமாக ஓடும் நாளில்தான் அளவு மிகவும் தேவை. அன்றைக்குத்தான் இறங்கி அளக்க முடியாது.

ஆவியாவதை அளக்க, ஏறக்குறைய 1.2 மீட்டர் குறுக்களவும் 25 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள ஓர் உலோகத் தொட்டியை வெயிலில் வைத்து, தினமும் எத்தனை மில்லிமீட்டர் குறைகிறது என்று பார்க்கிறார்கள். தொட்டி சீக்கிரம் சூடேறும், ஏரி ஏறாது. அதனால் தொட்டிக் கணக்கை ஏறத்தாழ 0.7-ஆல் பெருக்கிக் குறைத்துக்கொள்வது வழக்கம். இந்தப் பெருக்கெண் இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் மாறும். நைவாஷாவில் ஏரி மேற்பரப்பிலிருந்து ஆண்டுக்கு 1,700 முதல் 1,800 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று கொள்கிறார்கள். பெய்யும் மழையைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். மலேவா மட்டும் இல்லையென்றால் அங்கே ஏரியே இருக்காது.

இனி ஐந்தொகையைப் போடலாம். நெதர்லாந்தின் ஐ.டி.சி. நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் பெக்ட், லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹார்ப்பர் இருவரும் 2002-இல் வெளியிட்ட கணக்கில், பல பத்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு மழை வரவு சுமார் 9.4 கோடி கன மீட்டர், ஆற்று வரவு 21.7 கோடி, ஆவிச் செலவு 25.6 கோடி, நிலத்தடிக் கசிவு 5.6 கோடி. நம் செய்தித்தாள் கணக்கில் சொன்னால் மழையில் 3.3 டி.எம்.சி., ஆற்றில் 7.7 டி.எம்.சி. வருகிறது, வானத்துக்கு 9 டி.எம்.சி., தரைக்குள் 2 டி.எம்.சி. போகிறது. இரண்டு பக்கமும் 11.

அழகாகச் சரிக்கட்டி நிற்கிறது. ஆனால் எந்த ஐந்தொகையும் இவ்வளவு அழகாக இருந்தால் ஒரு வரியைச் சந்தேகப்பட வேண்டும். மழைக்கு மானி இருக்கிறது, ஆற்றுக்குக் கம்பம், ஆவிக்குத் தொட்டி. கசிவை அளக்க என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. மற்றவற்றையெல்லாம் கூட்டிக் கழித்து, மிச்சம் நிற்பதைக் கசிவு என்று எழுதியிருக்கிறோம். 1936-இல் சைக்ஸ் என்பவர் இப்படித்தான் 4.3 கோடி கன மீட்டர் என்றார். பின்னால் வந்தவர்களின் மதிப்புகள் மூன்றரைக் கோடியிலிருந்து ஐந்தரைக் கோடி வரை விரிகின்றன.

கழித்துப் பெற்ற எண்ணுக்கு ஒரு தீராத குறை உண்டு. மற்ற எல்லா வரிகளின் பிழையும் அதன் தலையில்தான் வந்து விடியும். ஆற்றுக் கணக்கில் பத்து விழுக்காடு பிழை இருந்தால் அது 2.2 கோடி கன மீட்டர். ஆவிக் கணக்கில் பத்து விழுக்காடு என்றால் 2.6 கோடி. பத்து விழுக்காடு என்பது நீரியலில் கெட்ட அளவீடு அல்ல, நல்ல அளவீடுதான். இரண்டு பிழைகளும் கசிவை ஒரே பக்கம் தள்ளினால் 5.6 கோடி என்று நாம் எழுதிய கசிவு ஒரு கோடிக்குக் கீழேயும் இறங்கலாம், பத்துக் கோடிக்கு மேலேயும் ஏறலாம். நிலத்தடிக் கலங்கல் என்பதே அளவீட்டுப் பிழைகளின் கூட்டுத்தொகைக்கு நாம் வைத்த பெயர் என்று ஒருவர் வாதிட்டால், இந்த ஐந்தொகையை மட்டும் வைத்துக்கொண்டு அவரை மறுக்க முடியாது. நிலத்தடி நீரைப் பற்றிய எந்தக் கணக்கைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: இந்த எண் அளந்ததா, கழித்ததா? கழித்தது என்றால் அதற்கு இரண்டாவது சாட்சி யார்?

நைவாஷாவுக்கு இரண்டாவது சாட்சியாக வந்தது உப்பு.

தண்ணீருக்குப் போடும் ஐந்தொகையை உப்புக்கும் போடலாம். உப்புக் கணக்கில் ஒரு பெரிய வசதி, ஆவிச் செலவு என்ற வரியே கிடையாது. மழை ஏறக்குறைய உப்பில்லாதது. ஆகவே உப்பு வரவு ஆற்றோடு, செலவு கசிவோடு. ஏரியில் உப்பு ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை என்றால் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். 21.7 கோடி கன மீட்டர் ஆற்றுநீர் கொண்டுவரும் உப்பை 5.6 கோடி கன மீட்டர் ஏரிநீர் சுமந்து போக வேண்டுமானால், ஏரிநீர் ஆற்றுநீரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு உப்பாக இருக்க வேண்டும். அளந்து பார்த்தால் ஏரிநீர் ஆற்றுநீரைவிடச் சில மடங்குதான் உப்பாக இருக்கிறது. நூறு மடங்கோ ஆயிரம் மடங்கோ அல்ல. கசிவு இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? ஏரியின் மொத்தக் கொள்ளளவுக்குச் சமமான ஆற்றுநீர் மூன்று நான்கு ஆண்டுகளில் வந்துவிடுகிறது. அதாவது மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஓர் ஏரி நிறைய ஆற்றுநீரின் உப்பு சேர்கிறது. ஆயிரம் ஆண்டில் நக்குருவின் கதிதான்.

ஆனால் உப்பும் முழு நம்பிக்கைக்குரிய சாட்சி அல்ல. 1981-இல் காடெட், மெலாக் இருவரும் இந்த வடிநிலத்தின் நீர்வேதியியலை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். உப்பு கசிவோடு மட்டும் போவதில்லை. அடிவண்டலும் அதில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று காட்டினார்கள். வண்டல் வாங்கிக்கொண்ட பங்கையும் கசிவின் கணக்கில் எழுதினால் கசிவு கூடுதலாகத் தெரியும். ஆக, கலங்கல் உண்டு என்பதை உப்பு உறுதிசெய்தது. எவ்வளவு என்பதில் சற்றுத் தயங்கியது.

மூன்றாவது சாட்சியின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. தண்ணீர் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே எடை அல்ல. ஆயிரத்தில் இரண்டு போலச் சிலவற்றில் சாதாரண ஆக்சிஜனுக்குப் பதில் சற்றுக் கனமான ஆக்சிஜன்-18 இருக்கும். ஆவியாகும்போது லேசானவை முந்திக்கொள்ளும், கனமானவை பின்தங்கும். அதனால் நெடுநாள் வெயிலில் கிடந்த ஏரித் தண்ணீரில் கனமான மூலக்கூறுகளின் விகிதம் கூடியிருக்கும். மலையில் பெய்து நேரே மண்ணுக்குள் இறங்கிய நீரில் இந்தக் குறி இருக்காது. வெயில் குத்திய பச்சை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை குத்திவிட்டால், நீர் நிலத்தடிக்குப் போய் மைல் கணக்கில் நகர்ந்தாலும் அழியாது.

நைவாஷாவுக்குத் தெற்கே ஒல்காரியா, லொங்கோனாட் என்ற எரிமலைப் பகுதிகள் இருக்கின்றன. அங்கே தரைப்பிளவுகளிலிருந்து நீராவி வந்துகொண்டே இருக்கிறது. ஆப்பிரிக்காவின் முதல் பெரிய புவிவெப்ப மின்நிலையம் 1981-இல் ஒல்காரியாவில்தான் ஓடத் தொடங்கியது. டார்லிங், ஆலன், ஆர்மன்சன் மூவரும் அந்த ஆவியைக் குளிரவைத்துப் பிடித்துச் சோதித்தார்கள். ஆவியாகும்போது ஏற்படும் மாற்றத்தைக் கணக்கில் கழித்துப் பார்த்தபோது, ஆழத்தில் இருக்கும் நீரில் ஏரியின் பச்சைகுத்து இருப்பது தெரிந்தது. 1990-இல் வெளியான அந்த ஆய்வு, ஏரிநீர் தெற்கு நோக்கித் தரைக்கடியில் போய்க்கொண்டிருப்பதை ஏரியைத் தொடாமலே காட்டியது. கலங்கலின் வாய் எங்கே என்று தெரியாது. ஆனால் கலங்கலுக்குக் கீழே ஓடும் வாய்க்காலில் கைவைத்துப் பார்த்தாகிவிட்டது.

தண்ணீர் ஏன் அந்தப் பக்கம் போகிறது என்பதற்கு நில அமைப்பே காரணம். பிளவுப் பள்ளத்தாக்கின் தரை தட்டையானது அல்ல. நடுவே முதுகுபோல உயர்ந்து இரண்டு பக்கமும் இறங்குவது. அந்த முதுகின் மேல் உட்கார்ந்திருக்கிறது நைவாஷா, கடல் மட்டத்துக்கு மேல் 1,885 மீட்டரைச் சுற்றி. வடக்கே எல்மென்டைட்டா அதைவிட நூறு மீட்டருக்கும் மேல் தாழ்வு. தெற்கே மகாடி 600 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. கீழே சாம்பலும் நுரைக்கல்லும் வெடிப்பு விழுந்த எரிமலைப் பாறையும். மேட்டில் வைத்த ஓட்டைப் பானை அது. மலையோரங்களிலிருந்து நிலத்தடி நீர் ஏரிக்குள் வந்துசேர்வதும் உண்டு. ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் விடுகிறது. ஐந்தொகையில் நாம் எழுதியது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்டால், பதில் 1980-களில் இருக்கிறது.

அந்தக் காலத்தில்தான் நைவாஷாக் கரையில் தோட்டப்பயிர் பெருகத் தொடங்கியது. ரோஜா, கார்னேஷன், காய்கறி, மாட்டுத்தீவனம். காலையில் பறித்த ரோஜா நைரோபி விமான நிலையம் வழியாக அடுத்த நாள் ஐரோப்பியச் சந்தைக்குப் போய்விடும். 2000-களின் நடுவில் ஏரியைச் சுற்றி நாலாயிரம் ஹெக்டேருக்கு மேல் வணிகப் பாசனத்தில் இருந்தது. மெகொனென், ஹோக்ஸ்ட்ரா இருவரின் மதிப்பீட்டில் ஒற்றை ரோஜாவுக்கு 7 முதல் 13 லிட்டர் தண்ணீர். பல்லாயிரம் பேருக்கு அதில் வேலை. இதற்கிடையே ஏரி இறங்கியது. தோட்டங்கள் உறிஞ்சுகின்றன என்றார்கள் ஒரு சாரார். ஏரி எப்போதுமே ஏறியிறங்குவதுதான், 1940-களில் தோட்டமே இல்லாத நாளில் இதைவிடத் தாழ்ந்திருக்கிறது என்றார்கள் மறுசாரார். இரண்டாவது வாதமும் பொய் அல்ல. 1946-இல் ஏரி மிகத் தாழ்ந்தது. 1960-களின் தொடக்கத்துப் பெருமழையில் மீண்டும் ஏறியது.

மாதிரி என்ற ஒன்று தேவைப்படுவது இங்கேதான். பெக்டும் ஹார்ப்பரும் 1932 முதல் கிடைத்த மழை, ஆவி, ஆற்று அளவுகளை மாதாமாதம் வரிசையாக வைத்து, மனிதர் எதையும் எடுக்கவில்லை என்று வைத்துக்கொண்டு, ஏரிமட்டம் எப்படிப் போயிருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். 1932-லிருந்து 1982 வரை, ஐம்பது ஆண்டுகளில், நூற்றுக்கு 95 மாதங்களில் கணக்கு மட்டத்துக்கும் உண்மை மட்டத்துக்கும் வித்தியாசம் 0.52 மீட்டருக்குள் நின்றது. 1940-களின் வீழ்ச்சி, 1960-களின் ஏற்றம் இரண்டையும் மாதிரி தானாகவே பின்தொடர்ந்தது. அவற்றுக்கு வானம்தான் காரணம் என்று அர்த்தம். 1982-க்குப் பின் இரண்டு கோடுகளும் பிரிந்தன. 1997-இல் உண்மை ஏரி கணக்கு ஏரியைவிட மூன்று நான்கு மீட்டர் தாழ்ந்திருந்தது. அந்த இடைவெளியை நிரப்ப ஆண்டுக்கு 6 கோடி கன மீட்டர் வரை எடுக்கப்பட்டிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கலங்கல் அளவுக்கே இன்னொரு கலங்கலை மனிதர் வெட்டிவிட்டார்கள்.

இதுவும் கழித்துப் பெற்ற எண்தானே என்று கேட்பவர்கள் சரியாகக் கேட்கிறார்கள். ஆனால் இதற்குக் குறுக்குச் சோதனை உண்டு. நாலாயிரம் ஹெக்டேரில் 6 கோடி கன மீட்டரைப் பரப்பினால் ஆண்டுக்கு ஒன்றரை மீட்டர் உயரம். அந்த வெயிலில் ஆண்டு முழுவதும் பயிர் நிற்கும் நிலத்துக்கு அது நம்பத் தகுந்த பாசன அளவு. மலேவாவின் துணையாறான துராஷாவில் அணை கட்டி நக்குரு, கில்கில் ஊர்களுக்குக் குடிநீர் எடுப்பதும் இந்தக் காலத்தில் சேர்ந்துகொண்டது. நக்குரு வேறு வடிநிலம். அங்கே போன தண்ணீர் திரும்பி வராது.

ஒரு கேள்வி இயல்பாக எழும். ஏரியின் சராசரிப் பரப்பு சுமார் 145 சதுர கிலோமீட்டர். 6 கோடி கன மீட்டர் என்றால் அந்தப் பரப்பில் 41 சென்டிமீட்டர். பதினைந்து ஆண்டில் ஆறு மீட்டர் இறங்கியிருக்க வேண்டாமா? ஏன் பாதியில் நின்றது? எடுப்பு முதல் ஆண்டே உச்சத்துக்குப் போகவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் நுட்பமானது. கலங்கல் இல்லாத ஏரிக்கு வெயிலே கலங்கல், அந்தக் கலங்கலின் அகலம் ஏரியின் பரப்பு. ஏரி சுருங்கினால் ஆவியாகும் பரப்பும் சுருங்கும், செலவு தானாகக் குறையும். ஒவ்வொரு சதுர கிலோமீட்டரும் மழையைக் கழித்து ஆண்டுக்குச் சுமார் 11 லட்சம் கன மீட்டரை வானத்துக்குக் கொடுக்கிறது. 6 கோடி கன மீட்டர் கூடுதல் செலவை ஈடுகட்ட, ஏரி ஏறத்தாழ 55 சதுர கிலோமீட்டரை இழந்த பிறகுதான் மறுபடி சமநிலை காணும். அப்போது ஏரி வற்றாது, வேறோர் ஏரியாக மாறியிருக்கும். ஆழங்குறைந்து, கோரைக்காடு கரையேறி நின்று, மீன் பொரிக்கும் ஓரநீர் காய்ந்துபோன ஏரி. வற்றவில்லையே என்று ஆறுதல் சொல்பவர்கள் இதைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

கரையைச் சுற்றியுள்ள மண்ணும் இந்தக் கணக்கில் ஒரு பங்காளி. ஏரி ஏறும்போது தண்ணீர் பக்கவாட்டில் மண்ணுக்குள் போய் நிறைகிறது. இறங்கும்போது மெல்ல ஏரிக்குத் திரும்புகிறது. அதனால் நாம் பார்க்கும் ஏரியைவிடக் கணக்கில் நிற்கும் ஏரி பெரியது. இந்த மறைவான சேமிப்பையும் சேர்த்தால்தான் வறட்சிக் காலத்து இறக்கத்தின் வேகம் சரியாக வரும்.

தோட்டக்காரர் ஏரியில் பம்பு வைக்காமல் கரையிலிருந்து தள்ளிப் போர்வெல் போட்டால் ஏரிக்கு நல்லதுதானே என்ற எண்ணம் பரவலாக உண்டு. எங்கிருந்து வருகிறது அந்தப் போர்வெல் தண்ணீர்? முதலில் கிணற்றைச் சுற்றியுள்ள சேமிப்பிலிருந்து. அது தாழத் தாழ, ஏரிக்கு வர வேண்டிய நிலத்தடி நீர் கிணற்றுக்குத் திரும்பும். இன்னும் தாழ்ந்தால் ஏரிநீரே கிணற்றை நோக்கி நடக்கும். ஏரியில் வைத்த பம்பின் விளைவு அன்றே தெரியும். கிணற்றின் விளைவு மாதங்கள், சில இடங்களில் ஆண்டுகள் கழித்துத் தெரியும். செலவு ஒன்றுதான், சீட்டு வந்துசேரும் தேதிதான் வேறு.

இந்த நகர்வுகளை இடம் இடமாகப் பார்க்க, ஒற்றை ஐந்தொகை போதாது. வடிநிலத்தைச் சதுரக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி ஐந்தொகை போட வேண்டும். பக்கத்துக் கட்டத்துக்கு எவ்வளவு நீர் போகும் என்பதை 1856-இல் பிரான்சின் திஜோன் நகரப் பொறியாளர் ஹென்றி டார்சி கண்ட விதி சொல்லும்: நீர்மட்டச் சரிவு எவ்வளவோ, மண் எவ்வளவு விடுமோ, அவ்வளவு. அமெரிக்க நிலவியல் அளவை நிறுவனம் 1984-இல் வெளியிட்ட மோட்ஃப்ளோ என்ற நிரல் இந்தக் கட்டக் கணக்கைத்தான் செய்கிறது. 2000-இல் அதனோடு ஏரிக்கென்று ஒரு பகுதி சேர்ந்தது. அதில் ஏரிமட்டம் நாம் கொடுக்கும் எண் அல்ல. நிலத்தடி நீரோடு கொடுக்கல் வாங்கல் செய்து தானே தன் மட்டத்தைத் தேடிக்கொள்ளும். நைவாஷாவுக்கும் இத்தகைய முப்பரிமாண மாதிரிகளைச் செய்திருக்கிறார்கள்.

படம் பார்க்க மிக அழகாக இருக்கும். நீலமும் சிவப்புமாக நிலத்தடி நீரின் மேடுபள்ளங்கள் திரையில் விரியும். ஆனால் இங்கேயும் அந்தப் பழைய சிக்கல் வேறு உடையில் காத்திருக்கிறது. மாதிரியை உண்மையோடு பொருத்த நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் கிணறுகளின் நீர்மட்டங்கள். மண்ணுக்குள் இறங்கும் நீரை இரண்டு மடங்காக்கி, மண்ணின் விடுதிறனையும் இரண்டு மடங்காக்கினால், நிலைபெற்ற நிலையில் நீர்மட்டங்கள் ஒரு சென்டிமீட்டர்கூட மாறாது. ஆனால் ஓடும் தண்ணீர் இரண்டு மடங்கு! கிணற்று மட்டங்களை மட்டும் வைத்துப் பொருத்திய மாதிரி, மட்டங்களை அச்சாகச் சரியாகச் சொல்லிக்கொண்டே ஓட்டத்தைப் பாதியாகவோ இரட்டிப்பாகவோ சொல்ல முடியும். எவ்வளவு தண்ணீரை எடுக்கலாம் என்று அதைக் கேட்டு அனுமதி கொடுத்தால் என்ன ஆகும்? இதிலிருந்து தப்ப ஒரே வழி, எங்காவது ஓரிடத்தில் மட்டத்தை அல்லாமல் ஓட்டத்தையே பிடித்து மாதிரிக்குக் கொடுப்பது. உப்புக் கணக்கோ, கனமான ஆக்சிஜனின் விகிதமோ, மீட்டர் வைத்த பம்போ, வறண்ட மாதத்து ஆற்றின் அடியோட்டமோ ஏதாவது ஒன்று வேண்டும். கட்டங்களை நுணுக்கமாக்குவதற்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கை இதற்குச் செலவிட்டாலே மாதிரியின் மதிப்பு பல மடங்கு கூடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2009-இல் நைவாஷா 1946-க்குப் பின் காணாத தாழ்வைத் தொட்டது. ஏரிமட்டம் இறங்க இறங்க எடுக்கும் அளவையும் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று ஏரியை நம்பியிருக்கும் பயனாளர்கள் சேர்ந்து உருவாக்கிய நீர்ப் பங்கீட்டுத் திட்டம் இந்தக் காலத்தை ஒட்டி வந்தது. பிறகு எவரும் எதிர்பாராதது நடந்தது. 2010-இலிருந்து ஏரி ஏறத் தொடங்கியது. தோட்டங்கள் மூடப்படவில்லை, பம்புகளும் நிற்கவில்லை, ஆனாலும் ஏறியது. சோடாவேறிப் பிரிந்து கிடந்த ஒலொய்டியன் என்ற சிறு ஏரி தாய் ஏரியோடு மறுபடி சேர்ந்து நீர்த்துப்போனது. 2020-இல் தண்ணீர் கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்து, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின. வறண்ட ஆண்டுகளில் ஏரியின் தரையாக இருந்த இடத்தில் எழுந்த வீடுகள் அவை.

நைவாஷா மட்டுமல்ல, பாரிங்கோ, பொகோரியா, நக்குரு என்று அந்தப் பள்ளத்தாக்கின் ஏரிகள் எல்லாமே அந்த ஆண்டுகளில் சேர்ந்து ஏறின. பக்கத்தில் பூந்தோட்டம் இருக்கும் ஏரியும் இல்லாத ஏரியும் ஒரேபோல ஏறினால் காரணம் எல்லாவற்றுக்கும் பொதுவானதாகத்தான் இருக்க வேண்டும். கூடிய மழையே முதல் காரணம் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். காடழிந்த மேட்டுநிலங்களிலிருந்து மழைநீர் முன்னைவிட விரைவாக ஓடிவருவதும் சேர்ந்திருக்கலாம். பூமியின் அசைவால் தரைக்கடி வெடிப்புகள் அடைபட்டுக் கசிவு குறைந்துவிட்டதோ என்ற கேள்வியையும் சிலர் எழுப்புகிறார்கள். அப்படியென்றால் அது நம் கண்ணுக்குத் தெரியாத கலங்கலைப் பற்றிய கேள்வி. அதைத் தீர்க்க வழி உண்டு. கசிவு குறைந்திருந்தால், வெள்ளநீர் கலந்த நீர்ப்பு அடங்கியதும் ஏரியில் உப்பு ஏறத் தொடங்க வேண்டும். நீர் மட்டும் கூடி உப்பு ஏறாமலே நின்றால் கலங்கல் திறந்தே இருக்கிறது.

ஏரிக்குத் தெற்கே, ஒல்காரியா மின்நிலையத்தின் அருகே, ஞொரோவா என்றொரு ஆழமான கணவாய் இருக்கிறது. செங்குத்துப் பாறைச் சுவர்களுக்கு நடுவே இன்று சுற்றுலாப் பயணிகள் நடந்து போகிறார்கள். பாறை இடுக்குகளில் வெந்நீர் சொட்டுகிறது. ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன், கிழக்காப்பிரிக்காவில் மழை மிகுந்திருந்த காலத்தில், நைவாஷா இப்போதிருப்பதைவிடப் பல மடங்கு பெரிதாக நிரம்பி, இந்தக் கணவாய் வழியாகத்தான் தெற்கே வழிந்தோடியது. தரைக்கு மேலே அந்த ஏரிக்கு இருந்த கலங்கல் இதுதான். இப்போது அது உலர்ந்து கிடக்கிறது. ஏரித்தண்ணீரோ இன்றைக்கும் அதே திசையில், அந்தப் பாதைக்குக் கீழே எங்கோ ஆழத்தில், கதகதத்த பாறைகளின் ஊடாக, தெற்கே போய்க்கொண்டிருக்கிறது.